அசையாமல் தின்னும் வீடு

அந்த மனுவின் முதல் வாக்கியத்தையே அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மேற்படி வீடு மனிதர்கள் குடியிருக்கத் தகுதியற்ற நிலையில் உள்ளது" என்று எழுதி, சென்னையிலிருந்து போனில் வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "அப்ப நான் யாருடா?"

விஷயம் வீட்டு வரி. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வரி உயரவில்லை என்றார்கள். நடுவில் 2018-ல் உயர்த்தியதை அடுத்த வருஷமே நிறுத்திவைத்திருந்தார்கள். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்காத உள்ளாட்சிகளுக்கு மானியம் இல்லை என்று பதினைந்தாவது நிதிக் குழு வேறு சொல்லியிருந்தது. எங்கள் ஊரைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. எங்கள் வீடு காகிதத்தில் 1,640 சதுர அடி. அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம், 2,100 ஆனது.

தொள்ளாயிரம் ரூபாய். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய பணமில்லை. ஒரு மாதத்தில் அதைவிட அதிகமாக வீட்டுக்கே சோறு வரவழைத்துத் தின்றிருக்கிறேன். என்னை உறுத்தியது அந்த 1,640 என்ற எண். திண்ணை, நடை, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று தாத்தாவின் அப்பா கட்டிய வீடு அது. இரண்டாம் கட்டுக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு போட்டு, ஓடு பதித்த தளம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அது ஆட்டம் கண்டது. அடுத்தடுத்த மழைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒருநாள் விடிகாலையில் மொத்தமாக விழுந்தது. இப்போது அந்த 520 சதுர அடியில் நான்கு சுவர்களும் ஒரு ஆமணக்குச் செடியும் இருக்கின்றன. கூடத்திலும் ஒழுகும். மழை வந்தால் அம்மா கட்டிலை இழுத்து நடையில் போட்டுக்கொள்வாள். இந்த வீட்டுக்கு, எதிர்வீட்டுக்குப் போட்ட அதே கணக்கில் வரி.

பொய்க்கு வரி கட்டச் சொல்கிறார்கள் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நான் எழுதிய முதல் வரியும் பொய். அம்மா சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

*

வீட்டு வரி எதன் மேல் விழுகிறது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நான் நினைத்ததுபோல் அது வீட்டின் மேல் விழவில்லை, ஒரு மனிதரின் மேல் விழுகிறது. அந்த மனிதர் இல்லாதவர். 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் கேட்ட கேள்வி இதுதான்: இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை வரும்? யாரும் வாடகைக்கு இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சாகும்வரை வாடகைக்கு விடாமல் இருக்கலாம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் வாசலில் ஒருவர் எப்போதும் பெட்டி படுக்கையோடு நின்றுகொண்டே இருக்கிறார். நூறு வருஷமாக நிற்கிறார். ஒழுகுகிறது என்று ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

பழுதைப் பற்றி அந்தச் சட்டங்கள் ஒரே ஒரு வார்த்தை பேசின. கட்டடத்துக்குரிய வாடகைப் பங்கில் நூற்றுக்குப் பத்தைக் கழித்துக்கொள்ளலாம். பழுதுபார்ப்புக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். நேற்று பால் காய்ச்சிய வீட்டுக்கும் பத்து, உத்திரம் முறிந்த வீட்டுக்கும் பத்து. 2023-லிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த கேட்புச் சீட்டைப் பார்த்தால், வாசலில் நிற்பவர் இன்னும் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இவர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். அங்கே கடை, அலுவலகங்களுக்கான வரியில் இவரைப் பற்றி இன்னும் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்: இவர் குடிவரும் நாளில் கட்டடம் ஓரளவு நல்ல நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும், சரிசெய்தால் எந்த நியாயமான உரிமையாளருக்கும் கட்டுப்படியாகாது என்கிற பழுதுகளைத் தவிர. சண்டர்லாண்ட் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முதல் மாடியை உள்ளே எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிப் பட்டியலில் அதன் மதிப்பு 1,02,000 பவுண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-ல் ஒரு பவுண்டு என்று தீர்ப்பானது. இதைப் படித்ததும் ஜெயித்துவிட்டதுபோல் துள்ளினேன். மறுபடி படித்தபோது துள்ளல் அடங்கியது. அங்கே கட்டடத்தைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. வெறுமனே பழுதாகிக் கிடப்பது வேறு, மாற்றிக் கட்டுவதற்காகப் பிரிக்கப்பட்டிருப்பது வேறு என்று அந்தத் தீர்ப்பு பார்க்கிறது. எங்கள் வீட்டில் எந்த வேலையும் நடக்கவில்லை. அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

*

இதே அரசாங்கத்துக்கு நிலத்தின் மேல் வேறொரு கண் இருந்திருக்கிறது. தாத்தா காலத்து நிலவரிப் பேச்சில் 'வஜா' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வயலில் பயிர் சாவியாகப் போனால் தீர்வையைத் தள்ளிக் கொடுப்பதற்கு வஜா என்று பெயர். கர்ணம் ஒவ்வொரு பசலியிலும் எந்த வயலில் என்ன பயிர், எது தரிசு என்று அடங்கலில் எழுதுவார். ஜமாபந்தியில் அதை வைத்துக் கணக்குத் தீர்ப்பார்கள். வெள்ளைக்காரன் கருணைக்குப் பேர் போனவன் இல்லை. தீர்வை கட்ட முடியாமல் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். இருந்தும் வயல் விளையவில்லை என்ற செய்தி போய்ச் சேர ஒரு வழி, பேருக்காவது, இருந்தது. வீடு சாவியாகப் போனால் அதை எழுத அடங்கல் இல்லை.

பட்ஜெட் சமயத்தில் எல்லோரும் பிசிராந்தையாரின் யானையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 2019-ல் நாடாளுமன்றத்திலேயே வந்தது. விளைந்ததை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் பல நாளைக்கு வரும், யானையை வயலுக்குள் விட்டால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் புறநானூற்றில் சொன்னது. நல்ல பாட்டுதான். ஆனால் அதில் வயலில் நெல் இருக்கிறது. நெல்லே இல்லாத வயலுக்கு எவ்வளவு கவளம் என்று அந்தப் புலவரிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் வேறொரு யானை உண்டு: "ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்." ஒவ்வொரு முறை கொத்தனாருக்குக் காசு கொடுக்கும்போதும் சொல்வாள்.

அப்படியானால் வீட்டுக்கும் வஜா வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும் என்று நான் கேட்கிறேனா? அங்கேதான் எனக்குத் தயக்கம் வந்தது. நேரில் வந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பில் கலெக்டர் வருவார். கூடத்தில் நாற்காலி போடுவார்கள். அன்றைக்கு மட்டும் காபியில் டிகாஷன் கெட்டியாக இருக்கும். கண்ணை மேலே ஓட்டி "வீடு நல்லா பெருசாத்தான் இருக்கு" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். உள்ளே போய்ச் சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு திரும்பி வருவார். சதுர அடி என்கிற குருட்டுக் கணக்கு அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. ஏழையின் ஒழுகலைப் பார்க்காத கணக்கு, பணக்காரனின் கவரையும் பார்க்காது. கண் இருக்கிற இடத்தில்தான் தயவும் இருக்கும், விலையும் இருக்கும். நான் கேட்டதெல்லாம், பார்க்க வேண்டும், ஆனால் பார்ப்பதற்குக் கூலி கேட்கக் கூடாது என்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

*

இன்னொரு சங்கடம் எதிர்வீட்டு அக்கா. அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே காலத்தவை. 2020-ல் அவர் வீட்டுத் தளமும் இறங்க ஆரம்பித்தது. இரண்டு வளையலை அடகு வைத்து, கடனும் வாங்கி, பிரித்து கான்கிரீட் போட்டார். வளையல் இன்னும் திரும்பவில்லை. என் மனு ஜெயித்தால், வட்டி கட்டி வீட்டைக் காப்பாற்றியவர் முழு வரி கட்டுவார், விழவிட்ட நான் குறைத்துக் கட்டுவேன். இங்கிலாந்தில் 1696-லிருந்து 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் இருந்தார்கள். வரி எதை எண்ணுகிறதோ அதை மனிதர்கள் ஒளிப்பார்கள், அல்லது கெடவிடுவார்கள். அமெரிக்காவில் ஹென்றி ஜார்ஜ் 1879-ல் எழுதிய 'முன்னேற்றமும் வறுமையும்' நூலின் கோபமே ஏறக்குறைய இதுதான்: நிலத்தின் மதிப்பு ஊரால் உயர்வது, அதன்மேல் வரி போடு, ஒருவன் கைக்காசு போட்டுக் கட்டியதன் மேல் போடாதே, போட்டால் கட்டியவனைத் தண்டிக்கிறாய். அவர் சொன்னபடி செய்தால் அக்காவுக்கு நியாயம் கிடைக்கும். எனக்கு ஒன்றும் கிடைக்காது. விழுந்தாலும் நின்றாலும் மண் அதே மண், கோயிலுக்கு நாலு எட்டு.

தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும்தான் வரி என்றால், எங்கள் வாசலில் விளக்கு எரிகிறது. ஒழுகுகிற வீட்டுக்காரி என்பதற்காக அம்மா பாதி வெளிச்சத்தில் நடப்பதில்லை. 'கூரை போச்சு, வரியைக் குறை' என்ற வாதம் இந்த இடத்தில் நொண்டுகிறது. முடியாதவர்களிடம் குறைவாக வாங்கு என்ற வாதம் மட்டும் நிற்கிறது. அம்மா முடியாதவள், குடும்ப ஓய்வூதியத்தில் இருக்கிறாள். நானோ முடிந்தவன். இருவரில் வரி கட்டுபவர் யார் என்று வைத்துக்கொண்டு பேசுவது?

கூரை ஏன் விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புயல் ஒரு காரணம்தான். 2014-லேயே பின்கட்டில் ஈரம் இறங்குகிறது என்று அம்மா சொன்னாள். தார்ப்பாய் வாங்க மூவாயிரம் அனுப்பினேன். அந்த வருஷம்தான் பைக் வாங்கினேன். அதற்கு மேலே செலவழிக்காததற்கு ஒரு பெரிய மனுஷக் காரணமும் வைத்திருந்தேன்: சொத்து இன்னும் பாகம் பிரியவில்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான வீடு. பிரியாத வீட்டில் யார் காசு போட்டாலும் போட்டவன் ஏமாளி. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கிற, ஆலமரம் முளைத்த பழைய வீடுகளில் எத்தனையோ வீடுகளை வெய்யிலும் மழையும் இடிப்பதற்கு முன்னாலேயே இந்த ஒரு வாக்கியம் இடித்திருக்கும். அப்பா காரியத்தன்று பந்தியில் ஏதோ பேச்சு வந்து, சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். ஒன்பது வருஷம் ஆகிறது.

இதையெல்லாம் மனுவில் எழுத இடம் இல்லை.

*

நகராட்சி அலுவலகத்தில் பார்த்த வயதான குமாஸ்தா நல்ல மனிதர். இரண்டு வழி சொன்னார். ஒன்று, வீடு காலியாகக் கிடக்கிறது என்று எழுதுவது. ஆளில்லாமல் கிடந்த நாட்களுக்குக் கட்டடத்தின் வரியில் பாதிவரை தள்ளிக் கொடுக்கப் பழைய சட்டத்திலேயே இடம் இருந்தது. "கரண்ட் மீட்டர் ஓடாம இருந்தா போதும் சார்." இன்னொன்று, இடிந்து விழும் நிலை என்று எழுதுவது. "ஆனா பாத்துக்கங்க, அப்படி எழுதினா வேற செக்‌ஷன்லேருந்து நோட்டீஸ் வரும். காலி பண்ணு, இல்லாட்டி இடின்னு." ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் வீடு வாடகைக்கு லாயக்கானது, மேல்தளத்தில் ஆபத்தானது. இரண்டு தளமும் ஒன்றோடொன்று பேசாத வரைக்கும்தான் அம்மாவுக்கு வீடு.

முதல் வழியில் அம்மா இல்லை. இரண்டாவது வழியில் அம்மா இருக்கக் கூடாது. நாற்பது வருஷமாக அரையாண்டு தொடங்கிய முதல் வாரத்திலேயே வரி கட்டி, ரசீதைக் கம்பியில் குத்தி வைத்திருப்பவள் அவள். தொள்ளாயிரம் ரூபாய்க்காக அவளைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்கலாமா என்பதற்கு நான் தத்துவம் ஒன்றும் படிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாக ஒரு மனு எழுதினேன். குடியிருக்கத் தகுதியில்லை என்பதை எடுத்துவிட்டு, இன்ன அளவுக்குக் கூரை இல்லை, அந்த 520 சதுர அடியை நீக்கிக் கணக்கிட வேண்டும் என்று மட்டும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது சரி. உள்ளதுதானே" என்றாள்.

எனக்கு உள்ளூர ஒரு கணக்கு. 520 போனால் 1,120. 1,200-க்குக் கீழே வந்துவிட்டால் 75 சதவீதம் 50 ஆகிவிடும். இரட்டை லாபம்.

வருவாய் ஆய்வாளர் டேப்போடு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். பின்கட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கூரை இல்ல சரி. சுவரு இருக்கே" என்றார். கூரை இல்லாத நான்கு சுவர் வீடா, வீடில்லையா என்று கால்மணி நேரம் பேசினோம். அவர் கேலி செய்யவில்லை, அவருக்கே உண்மையில் சந்தேகம். அளந்துகொண்டே கொல்லைப்பக்கம் போனவர் நின்றார். 2009-ல் அப்பாவுக்கு முட்டி வலி வந்தபோது கட்டிய பாத்ரூம். எட்டுக்குப் பன்னிரண்டு. தண்ணீர்த் தொட்டியும் வாஷிங் மெஷினும் அதற்குள்ளேயேதான். பழைய அளவில் அது இல்லை. நாங்களும் சொன்னதில்லை. பதினாலு வருஷம்.

96 சதுர அடி. 1,120-ஓடு 96-ஐக் கூட்டினால் 1,216. பதினாறு அடியில் மறுபடி 75 சதவீதம். மனசுக்குள் இந்தக் கூட்டல் எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அரையாண்டுக்கு முந்நூறு ரூபாய்ச் சொச்சம் வித்தியாசம் வரும். அந்தப் பையன் என்னைப் பார்த்தார். "இது பழசுல இல்ல போலருக்கு" என்றார் மெதுவாக. கேள்வியா இல்லையா என்று தெரியாத குரல். காசு கேட்கிற குரலும் இல்லை. என்னிடம் அவர் விட்டுவைத்தது ஒரு நிமிஷம் மட்டும்தான். பொய்யான அளவுக்கு வரி கட்ட மாட்டேன் என்று ஆரம்பித்த நான் அந்த நிமிஷத்தில் வாயைத் திறக்கவில்லை.

பின்னால் நின்றிருந்த அம்மாதான், "அது அவங்கப்பாவுக்காகக் கட்டுனது தம்பி. அதையும் எழுதிக்குங்க" என்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து சுவரோரமாக வைத்து, "இங்கேருந்துதானே?" என்று கேட்டாள்.

*

மனு திரும்பி வந்துவிட்டது. சுவரும் காரணமில்லை, பாத்ரூமும் காரணமில்லை. வரிவிதிப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் 1987-ல் போய்விட்டார். முதலில் பெயர் மாற்றம், அதற்கு வாரிசுச் சான்றிதழ், அதற்கு எல்லா வாரிசுகளின் சம்மதம். அதுவரை 2,100-ஐக் கட்டச் சொன்னார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் அம்மா போய்க் கட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் ரசீதை அனுப்பினாள். தாத்தா பெயர், அதற்குக் கீழே 1,640.

சித்தப்பாவின் கையெழுத்து வேண்டும். பின்கட்டைப் பிரித்துத் தளம் போடுவதற்குத் தேவைப்பட்ட அதே கையெழுத்து. அன்றைக்கு அதைக் கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போன வாரம் போன் செய்தேன். எண் மாறவில்லை. யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. வரி, வாரிசு, பெயர் மாற்றம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைத் தொடங்கினேன். அவர் இடையில் நிறுத்தினார்.

"மழை பெய்யுதாமே அங்க. அண்ணி எங்க படுத்துக்கிறாங்க?"

"நடையில" என்றேன்.